உஷார்! 95 சதவீதம் கை கழுவும் ஆஸ்பத்திரி

ஓரிக்கையிலிருந்து காஞ்சிபுரம் ஜி.எச்.சுக்கோ, ஏதாவதொரு நர்சிங் ஹோமுக்கோ வீட்டு ஆளைச் சேர்க்கப் போகிறீர்களா? ‘எங்கள் ஊழியர்கள் 95 சதவீதம் ஒழுங்காகக் கை கழுவுகிறார்கள்’ என்று எந்த ஆஸ்பத்திரி சொன்னாலும் உடனே நிம்மதியாகிவிடாதீர்கள். அந்தக் கணக்கை யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று கேளுங்கள்.

பெரும்பாலான இடங்களில் ஒருவர் படிவமும் பேனாவுமாக வார்டில் நிற்பார். கழுவ வேண்டிய தருணம் எத்தனை, கழுவியது எத்தனை என்று டிக் அடிப்பார். முறை சரிதான். ஆனால் ஆள் நிற்பது தெரிந்தால் எல்லோரும் கழுவத்தானே செய்வார்கள்? டொரன்டோவில் ஒரு மருத்துவமனையின் வார்டுகளில் கிருமிநாசினி பாட்டில்களிலேயே மின்னணுக் கருவியைப் பொருத்தி எண்ணிப் பார்த்தார்கள். கணக்கெடுப்பவர் கண்ணில் படுகிற இடத்தில், படாத இடத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு உபயோகம்! 2014இல் வெளிவந்த ஆய்வு அது. இன்ஸ்பெக்‌ஷன் நாளில் பள்ளிக்கூடம் பளபளக்கிற கதைதான்.

கழுவினால் பலன் உண்டா என்றால், சந்தேகமே வேண்டாம். 1847இல் வியன்னாவில் செம்மல்வெய்ஸ் என்ற டாக்டர், பிரசவ வார்டு டாக்டர்களையும் மாணவர்களையும் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தாண்டியிருந்த தாய்மார் மரணம், ஜூனில் 2 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. ஜெனீவாவில் ஓர் ஆஸ்பத்திரியில் 1994 முதல் 1997 வரை கை கழுவுதல் 48லிருந்து 66 சதவீதமாக ஏறியது. ஆஸ்பத்திரியில் தொற்றிய நோய் 16.9லிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தது. அது முழுக்கக் கையால் வந்த பலன் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதே காலத்தில் வேறு சில தடுப்பு ஏற்பாடுகளும் நடந்தன. இருந்தும் 66தான், 95 அல்ல. அதனால்தான் 95 என்றால் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

நம் பக்கம் பயம் இன்னும் அதிகம். கடைசிக்கட்ட ஆன்டிபயாட்டிக்குகளையே செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 மரபணு, சென்னையில் கிடைத்த 44 கிருமி மாதிரிகளில் இருந்ததாக 2010இல் ஓர் ஆய்வு சொன்னது. அப்படிப்பட்ட கிருமி ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போக, கழுவாத ஒரு கை போதும். ஏழை, நடுத்தர நாடுகளில் அட்மிட் ஆகும் 100 பேரில் 15 பேருக்கு ஆஸ்பத்திரியிலேயே தொற்று வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காரப்பேட்டை புற்றுநோய் மருத்துவமனைக்குக் கீமோவுக்குப் போய்வருகிறவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியே குறைவு. அவர்களைத் தொடுகிறவர்கள் இரட்டிப்பு கவனமாக இருக்க வேண்டும்.

அதனால் சதவீதத்தை விடுங்கள், கையைப் பாருங்கள். பக்கத்து பெட் நோயாளியின் யூரின் பையைக் காலி செய்த அதே கிளவுஸோடு உங்கள் ஆளுக்கு மருந்து ஏற்றக் கையில் போட்ட வென்ஃப்ளானைத் தொட வருகிறார்களா? தடுத்துவிடுங்கள். மாற்றாத கிளவுஸ் காப்பது போட்டவரைத்தான். “சிஸ்டர், கிளவுஸை மாத்திட்டு, கையையும் ஒருதரம் சுத்தம் பண்ணிக்கிறீங்களா?” என்று தணிவாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால்தான் என்ன?

துணைக்கு இருக்கிற நாமும் யோக்கியமில்லை. எச்சில் துடைத்த கையை முந்தானையில் ஒரு தேய், அதே கையால் இட்லி ஊட்டல்! கிருமிநாசினி ஜெல்லை 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். சோப்பு, தண்ணீர் என்றால் முழுசாக 40 முதல் 60 விநாடி. கையில் அழுக்கு தெரிந்தாலோ, நோயாளிக்குப் பேதி இருந்தாலோ ஜெல் உதவாது, சோப்புதான். வென்ஃப்ளான் போட்ட இடம் சிவந்து, வீங்கி, தொட்டால் சுடுகிறதென்றால் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், அப்போதே சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.