சாய்வை அளப்பது எப்படி?

சிவகாசி அச்சகத்தில் உருளையின் சுற்றுகளை எண்ணும் சென்சாரையே, இருங்காட்டுக்கோட்டையின் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் பந்தயப் பாதையில் ஓடும் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தருகே பொருத்தினால், வேகத்தை வீட்டிலேயே செய்த சிறு பெட்டியில் பதிவு செய்துவிடலாம். சக்கரச் சுற்றளவு 2 மீட்டர் எனில், 72 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 10 சுற்றுகள். பிரேக் டிஸ்க்கின் 6 போல்ட் தலைகளையும் எண்ணினால் 60 துடிப்புகள் கிடைக்க, பதிவு நுட்பமாகிறது.

சாய்வுதான் கடினம். வளைவில் ஒரே சீராக 45 பாகை சாய்ந்து செல்லும் வண்டியிலுள்ள முடுக்கமானி, வண்டி நிமிர்ந்தே நிற்பதாகச் சாதிக்கும். ஏன்? கீழே இழுக்கும் புவியீர்ப்பும், வெளியே தள்ளும் மையவிலக்கு விசையும் சமமாகிச் சேர்ந்த கூட்டுவிசை, எடையைப்போல் 1.4 மடங்காகி, சாய்ந்த வண்டியின் தளத்தினூடேயே இறங்குகிறது. தூக்குவாளியை வீசிச் சுழற்றும் சிறுவனின் கையில் பால் சிந்தாதிருப்பதும் இதே நியாயத்தினால்தான்.

ஆகவே, சாயும் வேகத்தை உணரும் கைரோஸ்கோப் அவசியமாகிறது. அதன் அளவைக் கணத்துக்குக் கணம் கூட்டிச் சாய்வைக் கணிக்கையில், கடுகளவுப் பிழையும் சேர்ந்து மலையாகிவிடுமாதலால், நேர்பாதை வந்ததும் முடுக்கமானியின் சாட்சியத்தைக் கொண்டு அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். இஞ்சின் அதிர்வு இவ்விரண்டையும் கலக்குமாதலால், நான் பெட்டிக்கடியில் விரல்கனம் பஞ்சு வைப்பதையே முதல் வேலையாகக் கொள்வேன்.