‘ஹேய்... நான் தோத்துடுவேன் போலிருக்கு!’

நியூஜெர்ஸியில் ஹெச்-1பி விசாவில் வேலை பார்க்கும் நண்பன் ஒருநாள் பதறிப்போய் போன் செய்தான்.

“மாப்ளே, இங்கே எலெக்ஷன்ல நிக்கிற ஒருத்தர் என் பேரைப் போட்டு மெஸேஜ் அனுப்பியிருக்கார்டா! ‘தோத்துடுவோம் போலிருக்கு... ராத்திரி பன்னிரண்டு மணிக்குள்ள அஞ்சு டாலர் அனுப்பு’ங்கிறார். பாவமா இருக்கு!”

நம்ம ஊரில் டெபாசிட் போகிற வேட்பாளர்கூட ‘வெற்றி நமதே’ என்றுதான் மைக் பிடிப்பார். ‘தோத்துடுவேன்’ என்று வாய்தவறிச் சொன்னால் போதும்... அவருடைய பூத் ஏஜென்ட்டே எதிர்முகாமில் டீ குடிக்கப் போய்விடுவார்!

அமெரிக்காவில் கதை வேறு. பணபலத்தை எதிர்த்து ஒண்டியாக நிற்கிறவர் என்றால் அங்கே ஜனங்களுக்கு மனசு இளகும். 2012-ல் ஜனாதிபதியாக இருந்த ஒபாமாவே, ‘எதிரணி என்னைவிட அதிகம் செலவழிக்கப் போகிறது’ என்ற பொருளில் தலைப்பு வைத்து ஓர் இ-மெயில் அனுப்பினார். வசூல், 26 லட்சம் டாலருக்கு மேல்! அந்தப் புலம்பலும் சும்மா வந்ததில்லை. பல தலைப்புகளைக் கொஞ்சம் பேருக்கு அனுப்பிப் பார்த்து, அதிகம் வசூலித்ததைத்தான் எல்லோருக்கும் அனுப்பினார்கள். சிநேகிதன் மாதிரி வெறும் ‘ஹேய்’ என்று ஆரம்பித்த மெயிலும் நன்றாகவே கல்லா கட்டியது.

அதென்ன பன்னிரண்டு மணி? மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் கடைசித் தேதிகளில் வந்தால் பெரும்பாலும் கணக்கு முடிக்கிற நாள். வசூல் விவரம் தேர்தல் கமிஷனுக்குப் போகும். பத்திரிகைகள் அதை வைத்து யாருக்கு பலம் என்று எழுதும். நம்ம சேல்ஸ் ரெப்களின் மாதக் கடைசி ‘டார்கெட்’ அவஸ்தைதான்! மற்ற நாட்களில் வரும் ‘கடைசி நிமிஷம்’ பெரும்பாலும் பாவ்லா.

‘நீங்க ஒண்ணு கொடுத்தா நாங்க நாலு சேர்ப்போம்’ என்பதையும் நம்பிவிடாதீர்கள். ஒருவர் ஒரு வேட்பாளருக்கு இவ்வளவுதான் தரலாம் என்று அங்கே சட்டமே இருக்கிறது. அந்த நாலு மடங்கை யார் போடுவது?

பணம் கட்டும் பக்கத்தில் இன்னொரு கண்ணி உண்டு. 2020-ல் டிரம்ப் பிரசாரத்தின் நன்கொடைப் பக்கத்தில், ‘வாராவாரம் எடுத்துக்கொள்’ என்ற கட்டத்தில் டிக் முன்கூட்டியே போடப்பட்டிருந்தது. கவனிக்காதவர்கள் பேங்க் கணக்கைப் பார்த்து அலறினார்கள். பிறகு கோடிக்கணக்கான டாலர் திருப்பித் தரப்பட்டது.

எல்லாவற்றையும்விட முக்கியம், அங்கே குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும்தான் தேர்தல் நிதி தரலாம். விசாவில் இருப்பவர் தந்தால் சட்டவிரோதம்!

“நல்லவேளை, சொன்னேடா!” என்றான் நண்பன்.

“போன வருஷம் நம்ம தெரு கோயில் கொடைக்கு நன்கொடை கேட்டேனே... அது எந்தச் சட்டத்துல தப்பு?”

லைன் கட்!