ஜாசினில் படகெடுத்து மீன் பிடிக்கப் போகிறீர்களா? முன்பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டியவை

ஜாசின் மாவட்டம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ரப்பரும் செம்பனையும்தான். ஆனால் உம்பாய், செர்காம், மெர்லிமாவ், செபாத்து, சுங்கை ரம்பாய் என்று மாவட்டத்தின் ஒரு விளிம்பு முழுவதும் மலாக்கா நீரிணையை ஒட்டித்தான் இருக்கிறது. புக்கிட் ஆசஹான் பக்கம் இருப்பவர்கள்கூட காரை எடுத்தால் சீக்கிரமே கடலைப் பார்த்துவிடலாம்.

படகுத்துறையில் உட்கார்ந்து தூண்டில் போட்டவர்கள் பலர் இப்போது நான்கைந்து பேராகச் சேர்ந்து, படகையும் அதை ஓட்டும் டெக்கோங்கையும் வாடகைக்கு எடுக்கிறார்கள். டிக்டாக்கில் ஒரு வீடியோ, வாட்ஸ்அப்பில் விலை, வங்கிக் கணக்கில் முன்பணம். பத்து நிமிடத்தில் புக்கிங் முடிந்துவிடுகிறது. “எத்தனை கிலோ கிடைக்கும்?” என்று கேட்பவர்கள், “லைஃப் ஜேக்கெட் எத்தனை இருக்கு?” என்று கேட்பதில்லை.

2025 ஜூன் 28-ஆம் தேதி இரவு, திரங்கானு பெர்ஹெந்தியான் தீவு அருகே சுற்றுப்பயணிகளை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து மூவர் உயிரிழந்தனர். அவர்களில் இருவர் சிறுமிகள். அது மீன்பிடிப் பயணம் அல்ல. ஆனால் சிறிய படகு, தெரியாத கடல், நம்பி ஏறிய பயணிகள் என்ற நிலைமை ஒன்றுதான். கரையிலேயே கேட்டு முடிக்க வேண்டிய கேள்விகள் எவை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

என்ன மீனை எதிர்பார்க்கலாம்?

யூடியூப்பில் அமெரிக்கக் கடலோர மீன்பிடி வீடியோக்களைப் பார்ப்பவர்களுக்கு ‘ஷீப்ஸ்ஹெட்’ தெரிந்திருக்கும். உடம்பில் கறுப்புப் பட்டை, வாயைத் திறந்தால் மனிதப் பல் போன்ற வரிசை. அது அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் வாழும் மீன். நம் கடலில் கிடையாது.

அதன் உறவுக்காரர் ஒருவர் இங்கே இருக்கிறார். மலாய்க்காரர்கள் ‘பெக்குகோங்’ என்று சொல்லும் மீன் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. பழக்கமும் கிட்டத்தட்ட அதேதான். ஆற்று முகத்துவாரம், சதுப்புநிலக் காடு, படகுத்துறைத் தூண், பாறை இடுக்கு என்று ஒதுங்கி இருக்கும். சிப்பி, நண்டு, இறாலைத் தாடையால் நொறுக்கித் தின்னும். அதனால் மெல்லிய முள் வளைந்துபோகும். சின்னதாக, ஆனால் கெட்டியாக இருக்கும் முள்தான் இதற்குச் சரி.

இன்னொரு விஷயம். பெக்குகோங் ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும் வகை. பெரிய மீன்களையே எல்லாரும் தூக்கிப்போனால் முட்டையிடும் தாய்மீன்கள்தான் குறையும். சாப்பாட்டுக்கு நடுத்தர அளவில் இரண்டு மூன்று எடுத்துக்கொண்டு, பெரியதைப் படம் பிடித்துவிட்டுக் கடலில் விடுவது நல்லது.

இது தவிர சியாக்காப், செனாங்கின், கெலாமா, ஜெனாஹாக், டூரி, செமிலாங், திருக்கை ஆகியவையும் இந்தக் கரையோரத்தில் தூண்டிலுக்கு வருபவை. செமிலாங், திருக்கை இரண்டுக்கும் விஷமுள் உண்டு. புதியவர்கள் கையால் தொடாமல் டெக்கோங்கிடம் விட்டுவிடுங்கள்.

ஒரு குறிப்பிட்ட மீன் கட்டாயம் கிடைக்கும் என்று யாராவது உறுதி கொடுத்தால் கொஞ்சம் யோசியுங்கள். நல்ல டெக்கோங் இடத்தையும் நேரத்தையும் பற்றிப் பேசுவார். மீனுக்குக் கேரண்டி கொடுக்க மாட்டார்.

விலை ஆளுக்கா, படகுக்கா?

முதல் குழப்பம் இங்கேதான் தொடங்கும். சிலர் படகு மொத்தத்துக்கும் விலை சொல்வார்கள். சிலர் ஆள்கணக்கில் சொல்வார்கள். ஆள்கணக்கு என்றால், நான்கு பேர் வருவதாகச் சொல்லி இரண்டு பேர் வராமல் போனால் மீதிப் பணத்தை யார் கட்டுவது என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

விலையில் எவையெல்லாம் அடங்கும் என்பதையும் தனித்தனியாகக் கேளுங்கள். பெட்ரோல், இரை, ராடும் ரீலும், ஐஸ் பெட்டி, குடிநீர், சாப்பாடு. உயிர் இறாலுக்குத் தனிக் காசு கேட்பவர்களும் உண்டு. எத்தனை மணி நேரம் என்பதோடு, அந்த நேரம் எங்கிருந்து கணக்காகிறது என்றும் கேட்க வேண்டும். படகுத்துறையை விட்டுக் கிளம்பியதிலிருந்தா, தூண்டில் போட்டதிலிருந்தா?

அந்தப் படகு ஆள் ஏற்றலாமா?

மீனவர்களின் படகுக்கு 1985 மீன்வளச் சட்டத்தின் கீழ் மீன்வளத் துறை உரிமம் தருகிறது. அந்த உரிமம் மீன் பிடிப்பதற்கானது. அது இருப்பதால் மட்டும் காசு வாங்கிக்கொண்டு பயணிகளை ஏற்றலாம் என்று ஆகிவிடாது. பயணிகளை ஏற்றும் படகுக்கான உரிமத்தைக் கவனிப்பது மலேசியக் கடல் துறை, அதாவது ஜபாத்தான் லாவுட்.

கேட்க வேண்டியவை மூன்று. பயணிகள் உரிமம் இருக்கிறதா? எத்தனை பேர் ஏறலாம்? பயணிகளுக்குக் காப்புறுதி உண்டா? உரிமத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வதில் தப்பே இல்லை. முறையாகத் தொழில் செய்பவர் கோபப்பட மாட்டார்.

மலாயில் கேட்பதென்றால் இப்படிக் கேட்கலாம்: “பாங், அடா லெசென் பாவா பெனும்பாங்? போலே நாய்க் பெராப்பா ஓராங்?” ஆள் ஏற்ற உரிமம் இருக்கா, எத்தனை பேர் ஏறலாம் என்பதுதான் கேள்வி.

குழந்தைகளையும் தலைகளாக எண்ண வேண்டும். “சின்னப் பையன்தானே, மடியில உக்காந்துக்குவான்” என்ற பேச்சு படகில் வேண்டாம்.

தங்குமிடம், வேன், படகு எல்லாவற்றையும் சேர்த்துப் பேக்கேஜாக விற்பவரிடம், 1992 சுற்றுலாத் தொழில் சட்டத்தின் கீழ் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

லைஃப் ஜேக்கெட் எங்கே இருக்கும்?

இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான். இருக்கையின் அடியில் கட்டி வைத்த ஜேக்கெட், படகு கவிழும்போது கைக்கு வராது. கிளம்பும் முன்பே போட்டு, பட்டையை இறுக்கி, கரை திரும்பும் வரை கழற்றாமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

பெரியவர்களின் ஜேக்கெட்டைக் குழந்தைக்குப் போட்டால் தண்ணீரில் அது மேலே நழுவிவிடும். குழந்தையின் எடையைச் சொல்லி அதற்கேற்ற அளவு, கால்களுக்கு இடையில் பட்டை உள்ளது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்தப் பயணத்துக்குக் குழந்தையை அழைத்துப் போகாதீர்கள்.

எந்த நாள், எந்த நேரம்?

மலாக்கா கடலில் ஒரு நாளைக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறு மணி நேரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் வேகமாக இருக்கும். ஈயக் குண்டு அடியில் நிற்காது. பாறையோரத்தில் அடிமீன் பிடிப்பவர்கள் அரைநிலா நாட்களை விரும்புவது இதனால்தான். அப்போது ஓட்டம் மெதுவாக இருக்கும். அதற்காக நீர் சுத்தமாக அசையாமல் நின்றாலும் மீன் கடிக்காது. அளவான ஓட்டம் வேண்டும்.

இந்தக் கரை சேற்றுக் கரை. நீர் வற்றிய நேரத்தில் சிற்றாறுகளின் வாயில் படகு தரை தட்டலாம். கிளம்பும் நேரத்தைப் போலவே திரும்பும் நேரத்தையும் நீர்மட்டம்தான் முடிவு செய்யும். தேசிய நீரியல் வரைவு மையமும் ஜூபெம் எனப்படும் நில அளவைத் துறையும் ஆண்டுதோறும் நீர்மட்ட அட்டவணை வெளியிடுகின்றன. டெக்கோங் சொல்லும் நேரம் அதனோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே பார்க்கலாம்.

அடுத்தது வானிலை. மே கடைசி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று காலம். அந்த மாதங்களிலும் அதற்கு முன்பின்னான மாறுகாலத்திலும், சுமத்ரா பக்கமிருந்து நீண்ட வரிசையாக இடிமழை மேகங்கள் நீரிணையைக் கடந்து வருவதுண்டு. ‘சுமத்ரா சூறைக்காற்று’ என்று மெட் மலேசியா குறிப்பிடுவது இதைத்தான். பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ தாக்கும். மீன்பிடிப் பயணங்கள் பல கிளம்பும் நேரமும் அதுவேதான். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களின் மாறுகாலத்திலோ பிற்பகல், மாலை இடிமழை சகஜம்.

முந்தைய இரவும் கிளம்பும் முன்பும் மெட் மலேசியாவின் ‘மைச்சுவாச்சா’ செயலியைப் பாருங்கள். கடலில் இடிச்சத்தம் கேட்டால் ராடை உடனே கீழே வைத்துவிடுங்கள். கார்பன் ராட் மின்சாரத்தைக் கடத்தும்.

மழை வந்தால் காசு என்ன ஆகும்?

இதைப் பணப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் இது உயிர்ப் பிரச்சினை.

யோசித்துப் பாருங்கள். முன்பணம் திரும்பாது என்று பேச்சு. விடிகாலை ஐந்து மணி, நான்கு பேர் லீவு போட்டு வந்து நிற்கிறார்கள். மேற்கே வானம் கறுத்திருக்கிறது. “காசு போயிடும், போய்ப் பாத்துடலாமே” என்று பயணிகள் சொல்வார்கள். பயணம் ரத்தானால் அன்றைய வருமானம் போகுமே என்று டெக்கோங்கும் தயங்குவார். திரும்பிப் போகலாம் என்று சொல்ல அங்கே யாருக்கும் மனம் வராது.

இதையே முன்கூட்டிப் பேசி முடித்திருந்தால் கதை வேறு. “வானிலை சரியில்லை என்று டெக்கோங்கோ நாங்களோ சொன்னால் பயணம் இல்லை. முன்பணம் வேறு தேதிக்கு மாறும், அல்லது திரும்ப வரும்.” இப்படி ஒரு வரி வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருந்தால், வேண்டாம் என்று சொல்பவருக்கு நஷ்டம் இல்லை. பாதி வழியில் திரும்ப நேர்ந்தால் எவ்வளவு கட்டுவது என்பதையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். டெக்கோங்குக்கும் பெட்ரோல் செலவு இருக்கிறது. அதை ஒப்புக்கொள்வது நியாயம்.

மலாயில்: “பாங், காலாவ் ரீபுட், டெபொசிட் மாச்சாம் மானா?”

விலை பத்து இருபது வெள்ளி கூடினாலும், இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதிப்பவரைத் தேர்ந்தெடுப்பதே மேல். கடலில் ‘திரும்பலாம்’ என்று டெக்கோங் சொன்ன பிறகு வாதாடவும் வேண்டாம்.

பணம் அனுப்பும் முன்

அடுத்தவர் படகின் படத்தைப் போட்டு முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகும் மோசடியும் நடக்கலாம். கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போலீஸ் துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். நிறுவனம் என்று சொன்னால் அதன் பெயரை எஸ்.எஸ்.எம் பதிவில் தேடலாம். கணக்கு வேறு யாரோ ஒருவர் பெயரில் இருந்தால் காரணம் கேளுங்கள். முழுத் தொகையையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த உடனே 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும். அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். பணம் கைமாறி மறைவதற்குள் கணக்கை முடக்க முடியுமா என்பது நீங்கள் எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிறகு போலீஸ் புகார்.

மோசடி இல்லை, சொன்னபடி சேவை தரவில்லை என்ற தகராறு என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் அந்த மன்றம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். மனு கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் அனுப்பிய ரசீதையும் அழிக்காமல் வைத்திருங்கள். உங்கள் சாட்சி அதுதான்.

கிளம்பும் நாளில்

எந்தப் படகுத்துறையிலிருந்து, யாருடைய படகில், எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். புலாவ் பெசார் பக்கமா, முகத்துவாரமா என்று தெரிந்தால்தான் தேடுபவர்களுக்கு வசதி. சொன்ன நேரம் தாண்டி, போனும் எடுக்கவில்லை என்றால் வீட்டிலிருப்பவர் 999-க்கு அழைக்க வேண்டும். கடலில் தேடல் பணியை நடத்துவது ஏ.பி.எம்.எம் எனப்படும் கடல்சார் அமலாக்க நிறுவனம்.

கைத்தொலைபேசியை நீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். படகில் வி.எச்.எஃப் வானொலி இருந்தால் அவசர அழைப்புக்கு 16-ஆம் அலைவரிசை. கூட்டாளிகளில் ஒருவராவது அதை இயக்கத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தச் செய்தியை அப்படியே அனுப்பலாம்

“அண்ணே, வர்ற சனிக்கிழமை பெரியவங்க நாலு பேர், பையன் ஒருத்தன், முப்பது கிலோ. பயணிகள் உரிமம் படம் அனுப்ப முடியுமா? பையன் அளவுக்கு ஜேக்கெட் இருக்கா? விலை படகுக்கா ஆளுக்கா, இரையும் பெட்ரோலும் சேர்த்தா? வானிலை சரியில்லைன்னா முன்பணம் வேற தேதிக்கு மாத்திக்கலாமா? எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்புறோம்?”

எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் வந்தால் முன்பணத்தை அனுப்புங்கள். “அதெல்லாம் பாத்துக்கலாம், முதல்ல காசு போடுங்க” என்று பதில் வந்தால், அடுத்த டெக்கோங்கின் எண்ணைத் தேடுங்கள்.