கால் மைல் ஓட்டமும் ஒரு கணக்கும்

ஒரு நேரான தார்ச்சாலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நீளம் கால் மைல். அதாவது சுமார் 402 மீட்டர். வளைவு இல்லை, மேடு பள்ளம் இல்லை. ஒரு முனையில் இரண்டு வண்டிகள் அருகருகே அசையாமல் நிற்கின்றன. பச்சை விளக்கு எரிந்ததும் இரண்டும் பாய்கின்றன. எது மறுமுனையை முதலில் தொடுகிறதோ அதற்கே வெற்றி. இதுதான் டிராக் பந்தயம். நீங்கள் மூச்சை இழுத்து விடுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்!

இதில் என்ன பெரிய விஞ்ஞானம் இருக்கிறது என்று கேட்கிறீர்களா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தாளில் வரும் எல்லை

எஞ்சின் எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும் வண்டியை முன்னே தள்ளுவது எது? சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வுதான். ஆற்று மணலில் சைக்கிளை மிதித்திருப்பீர்கள். எவ்வளவு பலமாக மிதித்தாலும் சக்கரம் சுழலுமே தவிர சைக்கிள் நகராது, அல்லவா? பிடிப்பு இல்லாத இடத்தில் பலம் வீண்.

உராய்வு விசைக்கு ஓர் எல்லை உண்டு. வண்டியின் எடையை உராய்வுக் கெழுவால் பெருக்கினால் அந்த எல்லை கிடைக்கும். நல்ல டயருக்கும் நல்ல சாலைக்கும் கெழு 1 என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் முழு எடையும் ஓட்டும் சக்கரங்களின் மேல் இருப்பதாகவும் கொள்வோம். அப்படியானால் வண்டி பெறக்கூடிய மிக அதிக முடுக்கம், புவிஈர்ப்பு முடுக்கத்துக்குச் சமம்: வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர்.

இனி நேரத்தைக் காண்போம். தூரத்தை இரட்டித்தால் 804. அதை 9.8 ஆல் வகுத்தால் 82. அதன் வர்க்கமூலம் 9-ஐவிடச் சற்று அதிகம். ஆகவே கால் மைலை 9 வினாடிக்குக் குறைவாக எந்தச் சக்கர வண்டியாலும் கடக்க முடியாது! தாளில் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடுதளத்தில் நடந்தது வேறு. அந்தக் கதை இங்கிலாந்தில் எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

விமானங்கள் போன பிறகு

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் ஏராளமான விமானத் தளங்கள் அமைக்கப்பட்டன. போர் முடிந்ததும் அவற்றில் பல வெறிச்சோடிக் கிடந்தன. நீண்ட, நேரான, உறுதியான ஓடுதளங்கள்! பெட்ஃபோர்ட்ஷயரில் உள்ள பாடிங்டன் அப்படிப்பட்ட ஒன்று. போர்க்காலத்தில் அமெரிக்காவின் பி-17 ரகக் குண்டுவீச்சு விமானங்கள் அங்கிருந்து பறந்தன. 1966-ஆம் ஆண்டு ஈஸ்டர் சமயத்தில் அதே ஓடுதளம் 'சான்டா பாட்' என்ற பெயரில் டிராக் பந்தயத் திடலாகத் திறக்கப்பட்டது.

அதற்கு முன்பே வழி காட்டியவர் சிட்னி அல்லார்டு. தாமே கார்கள் உற்பத்தி செய்தவர். தம் பெயர் தாங்கிய காரை ஓட்டி 1952-இல் மான்டி கார்லோ பந்தயத்தில் வென்றவர். 1961-இல் இவர் பிரிட்டனின் முதல் டிராக்ஸ்டர் வண்டியை உருவாக்கினார். அதில் இருந்தது 5.8 லிட்டர் கிரைஸ்லர் எஞ்சின். 1964-இல் டான் கார்லிட்ஸ், டாமி ஐவோ முதலிய அமெரிக்க வீரர்கள் தங்கள் வண்டிகளுடன் வந்து பிரிட்டனின் விமானத் தளங்களில் ஓட்டிக் காட்டினார்கள். பார்த்த இளைஞர்கள் வீடு திரும்பியதும் பட்டறையில் புகுந்துவிட்டார்கள்!

அவர்களிடம் அமெரிக்கர்களைப் போலப் பணம் இல்லை. கையில் கிடைத்ததை வைத்தே வேலை செய்தார்கள். 1953 முதல் 1959 வரை வெளிவந்த 'ஃபோர்டு பாப்புலர்' என்ற சிறிய கார் அவர்களுக்குப் பிடித்தமானது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது போன்ற தோற்றம். 30 குதிரைத் திறன் மட்டுமே உள்ள எஞ்சின். ஆனால் விலை மலிவு, எடை குறைவு, தனிச் சட்டத்தின் மேல் அமைந்த உடல். பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு ஜாகுவார் எஞ்சினையோ, ரோவரின் எட்டு சிலிண்டர் எஞ்சினையோ பொருத்தினார்கள். பாட்டியின் கார் பந்தய வண்டியானது!

கவண்கல் வண்டி

இனி நம் கணக்குக்கு வருவோம். அதில் முழு எடையும் ஓட்டும் சக்கரங்களின் மேல் இருப்பதாகக் கொண்டோம். சாதாரணக் காரில் அது நடக்காது. ஆகவே டிராக்ஸ்டரில் ஓட்டுநரைப் பின் அச்சுக்கும் பின்னால் உட்கார வைத்தார்கள். கவணில் வைத்த கல்லைப் போல அவர் தொங்கிக்கொண்டிருப்பார். அதனால் இவ்வண்டிக்கே 'கவண்' என்று பொருள்படும் 'ஸ்லிங்ஷாட்' என்ற பெயர் வந்தது. முன்புறம் நீண்டு மெலிந்த சட்டம். சைக்கிள் சக்கரம் போன்ற முன்சக்கரங்கள். பின்னால் மட்டும் அகன்ற பெரிய டயர்கள்.

அடுத்தது உராய்வுக் கெழு. அது 1-ஐத் தாண்டக் கூடாது என்று இயற்கையில் எந்த விதியும் இல்லை. மென்மையான ரப்பர் சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களில் அமுங்கிப் பதிகிறது. சூடானால் பசை போல ஒட்டவும் செய்கிறது. அதனால்தான் பந்தயத்துக்கு முன் ஓட்டுநர் பின்சக்கரங்களை நின்ற இடத்திலேயே சுழலவிட்டுப் புகை கிளப்புகிறார். அது வேடிக்கைக்காக மட்டும் செய்வதல்ல. டயரைச் சூடாக்கும் வேலை. டென்னிஸ் பிரிடில், கிளைவ் ஸ்கில்டன் ஆகியோர் 1970களில் சான்டா பாட்டில் புகழ்பெற்ற வீரர்கள். அந்தக் காலத்திலேயே மிக வலிமையான டிராக்ஸ்டர்கள் 7 வினாடியை நெருங்கிவிட்டன. 7 வினாடி என்றால் சராசரி முடுக்கம் புவிஈர்ப்பு முடுக்கத்தைப் போல் 1.67 மடங்கு. தாளில் வந்த எல்லை தகர்ந்தது! தவறு கணக்கில் இல்லை. நாம் எடுத்துக்கொண்ட கெழுவில்தான்.

இரண்டு சக்கரங்களின் சிக்கல்

மோட்டார் சைக்கிளுக்கு வேறோர் ஆபத்து உண்டு. பிடிப்பு அதிகமானால் முன்சக்கரம் மேலே தூக்கிக்கொள்ளும். வண்டி ஓட்டுநர் மீதே கவிழ்ந்துவிடலாம். புவிஈர்ப்பு மையம் எவ்வளவு தாழ்வாகவும், பின்சக்கரத்திலிருந்து எவ்வளவு முன்னால் தள்ளியும் இருக்கிறதோ அவ்வளவுக்கு வண்டி முடுக்கத்தைத் தாங்கும். அதனால்தான் பந்தய மோட்டார் சைக்கிள்கள் நீண்டு, தரையோடு தரையாகத் தாழ்ந்திருக்கின்றன. ஓட்டுநரும் குப்புறப் படுத்தே ஓட்டுகிறார்.

வின்சென்ட் தொழிற்சாலையில் பணியாற்றிய ஜார்ஜ் பிரவுன், 'நீரோ', 'சூப்பர் நீரோ' என்ற இரண்டு வண்டிகளைக் கட்டிப் பல சாதனைகள் செய்தார். ஆல்ஃப் ஹேகன், பழைய ஜே.ஏ.பி. இரட்டை சிலிண்டர் எஞ்சினைக் கொண்டு 1968-இல் எல்விங்டன் ஓடுதளத்தில் மணிக்கு 200 மைலுக்கு மேல் சென்றார். ஜான் ஹாப்ஸ் தமது 'ஹாபிட்' வண்டியில் இரண்டு வெஸ்லேக் எஞ்சின்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தி, 8 வினாடி அளவில் கால் மைலைக் கடந்தார்.

காற்றுப் பசி

பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று தேவை. எஞ்சினால் அவ்வளவு காற்றைத் தானே உறிஞ்ச முடிவதில்லை. ஆகவே காற்றை அழுத்தித் திணிக்கும் 'சூப்பர்சார்ஜர்' என்ற கருவியைப் பொருத்தினார்கள். இன்னொரு வழி நைட்ரோமீத்தேன் என்ற எரிபொருள். இதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு கிலோவுக்கு 1.7 கிலோ காற்றே போதும். எடைக்கு எடை பார்த்தால் இது தரும் வெப்பம் பெட்ரோலைவிடக் குறைவு. ஆனால் அதே அளவு காற்றில் பல மடங்கு அதிகமாக எரிக்கலாம். அதனால் மொத்தத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் ஆற்றல் கிடைக்கிறது.

ஆற்றலோடு ஆபத்தும் வளர்ந்தது. 1970-இல் அமெரிக்காவில் டான் கார்லிட்ஸின் கால்களுக்கிடையே இருந்த பற்சக்கரப் பெட்டி வெடித்து, அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி துண்டானது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய அவர், எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து வண்டியை வடிவமைத்தார். 1971 முதல் அந்த முறை பரவியது. அழகான கவண் வண்டிகளின் காலம் முடிந்தது.

உராய்வே வேண்டாம்!

1984-இல் சான்டா பாட்டில் அமெரிக்கரான சாமி மில்லர் 'வேனிஷிங் பாயின்ட்' என்ற ராக்கெட் காரில் கால் மைலை 3.58 வினாடியில் கடந்தார்! செறிவான ஹைட்ரஜன் பெராக்சைடு, வெள்ளி வினையூக்கியின் மேல் பட்டதும் நீராவியாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து பீறிடும். அந்தப் பீச்சலின் எதிர்விசைதான் வண்டியைத் தள்ளியது. சக்கரங்கள் வெறுமனே உருண்டன. உராய்வின் எல்லைக்கு அங்கே வேலையே இல்லை.

அந்தப் பழைய வண்டிகள் மறைந்துவிடவில்லை. பலவற்றைப் புதுப்பித்து, அதே சான்டா பாட்டில் நினைவு விழாக்களில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். நரைத்த தலையுடன் பெரியவர்கள் அந்த எஞ்சின் சத்தத்துக்காகவே வந்து காத்திருக்கிறார்கள்.

செய்து பாருங்கள்: ஒரு பலகையில் உப்புத்தாளை ஒட்டி, அதன்மேல் ஓர் அழிரப்பரை வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். சாய்வு 45 பாகையைத் தாண்டிய பிறகும் ரப்பர் நழுவாமல் நின்றால், அதன் உராய்வுக் கெழு 1-ஐவிட அதிகம். கால் மைல் கணக்கை உடைத்த இரகசியம் உங்கள் பேனாப் பெட்டியிலேயே இருக்கிறது!