தொடுதல் என்பது யாது?

நுழையும்முன்

அமர்தல், நடத்தல், எழுதுதல் ஆகிய யாவும் தொடுதலால் நிகழ்பவை. இரு பொருள்கள் ஒன்றையொன்று தொடும்போது அங்கு நிகழ்வது யாது? அறிவியல் கண்ட விடையை இக்கட்டுரை விளக்குகிறது.

செங்கல் எழுப்பும் வினா

செங்கல் ஒன்றைத் தரையில் படுக்கவைத்துக் கயிறு கட்டி இழுத்துப் பாருங்கள். பின்னர், அதனைக் குறுகிய பக்கம் தரையில் படியுமாறு வைத்து இழுங்கள். தொடும் பரப்பு குறைந்துவிட்டது. ஆயினும், தேவைப்படும் விசை ஏறக்குறைய மாறுவதில்லை. உராய்வு, பரப்பைச் சார்ந்ததன்று. அழுத்தும் விசையையே சார்ந்தது என 1699ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் அமோந்தோன் எடுத்துரைத்தார். அதன் காரணம் புலப்பட இரு நூற்றாண்டுகளுக்கு மேலாயின.

இருபதாம் நூற்றாண்டில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர்களான பௌடனும் டேபரும் அதனை விளக்கினர். எத்துணை மெருகேற்றினும் எப்பரப்பும் நுண்ணிய மேடுபள்ளங்களை உடையது. இரு பலாப்பழங்களைச் சேர்த்துவைத்தால் முள்முனைகளே முட்டுகின்றன அல்லவா? அதுபோலப் பரப்புகளும் சில முனைகளில் மட்டுமே தொடுகின்றன. குறுகிய பக்கத்தில் தொடும் முனைகள் குறைவு. ஆனால், ஒவ்வொன்றும் மிகுந்த சுமையைத் தாங்கி மேலும் நசுங்கி விரிகிறது. ஆதலால், மெய்யான தொடுபரப்பு மாறுவதில்லை.

முனைகளில் நிகழ்வது

அம்முனைகளில் அணுக்கள் நெருங்குகின்றன. முதலில் மெல்லிய ஈர்ப்பு தோன்றுகிறது. எலக்ட்ரான் முகில்கள் ஒன்றன்மேல் ஒன்று படியத் தொடங்கியதும் வலிய விலக்கம் எழுகிறது. இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே குவாண்டம் நிலையில் இருத்தல் இயலாது என்பது பௌலி 1925இல் வகுத்த தவிர்க்கைத் தத்துவம். மேலும் நெருங்க வேண்டுமாயின் எலக்ட்ரான்கள் உயர் ஆற்றல் நிலைக்குச் செல்லவேண்டும். அதற்குரிய ஆற்றல் தேவையையே நம் விரல் ‘கடினம்’ என உணர்கிறது.

இதனைக்கொண்டு, ‘நாம் எதையும் தொடுவதே இல்லை’ எனச் சிலர் கூறுவர். அது பொருந்தாது. அணுவிற்குக் கூரிய விளிம்பு இல்லை. எனவே, விளிம்புகளுக்கு இடையே வெற்றிடம் எனப் பேசவும் இயலாது. விலக்கு விசை செயற்படும் அந்நெருக்கமே தொடுதல்.

பிரிய மறுத்த உலோகங்கள்

உலோகப் பரப்புகளைக் காற்றிலுள்ள ஆக்சிஜனால் உண்டாகும் ஆக்சைடு படலம் பிரித்துவைக்கிறது. வெற்றிடத்தில் அப்படலம் தேய்ந்தால் மீண்டும் உருவாவதில்லை; தூய உலோக அணுக்கள் வெப்பமின்றியே பிணைந்துவிடும். 1989இல் வியாழனை நோக்கி ஏவப்பட்ட கலிலியோ விண்கலத்தின் குடை போன்ற பெரிய அலைவாங்கி, 1991இல் முழுமையாக விரியவில்லை. மசகு தேய்ந்த உலோக ஊசிகள் தம் குழிகளில் இறுகிக்கொண்டதே காரணம் எனக் கருதப்படுகிறது. சிறிய அலைவாங்கியைக்கொண்டே அக்கலம் தன் பணியைத் தொடர நேர்ந்தது.

கண்ணுக்குப் புலப்படாத சில முனைகளே நம் நடையைத் தாங்குகின்றன. விண்கலத்தையும் தடுமாறச் செய்கின்றன.