761155-ஆவது எழுத்து

காசநோய்க் கிருமியின் மரபணுத்தொகுதியை எழுதி வைத்தால் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகள்தான் திரும்பத் திரும்ப வரும். மொத்தம் சுமார் 44 லட்சம் எழுத்துகள், நடுவே ஒரு இடைவெளிகூட இல்லாமல். பிரிட்டனின் சேங்கர் மையமும் பாரிஸின் பாஸ்டர் நிறுவனமும் இதை 1998-ல் வெளியிட்டன. எந்த மரபணு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அதற்கு என்ன வேலை என்று அந்த வரிசையின் மேல் குறித்துவைப்பதைத்தான் குறிப்புரை என்கிறோம். அந்தக் குறிப்புகளைத் தேடவும் திருத்தவும் தோதாக அடுக்கிவைத்த இடம் தரவுத்தளம்.

ஒரு பதிவை எடுத்துப் பார்ப்போம். அடையாள எண் ஆர்வி0667. 759807-ஆவது எழுத்தில் தொடங்கி 763325-ல் முடிகிறது. ஆர்.என்.ஏ. தயாரிக்கும் நொதியின் ஒரு பகுதியான புரதத்துக்குரிய மரபணு இது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மருந்து போய் ஒட்டிக்கொள்வது அந்தப் புரதத்தில்தான். 761155-ஆவது எழுத்தில் சி போய் டி வந்துவிட்டால், புரதத்தின் 450-ஆவது கண்ணியில் செரீன் என்ற அமினோ அமிலம் இருந்த இடத்தில் லூசின் உட்கார்ந்துவிடும். அதன்பின் அந்த மருந்து பலிக்காது. ஒரே ஓர் எழுத்து, நோயாளியின் பல மாதச் சிகிச்சையையே மாற்றிவிடுகிறது.

பழைய ஆய்வுக் கட்டுரைகளில் இதே மாற்றத்தைத் தேடினால் 450 என்று இருக்காது. 531 என்று இருக்கும். ஈ.கோலை கிருமியின் புரதத்தை வைத்து எண்ணிய பழக்கம் அது. இரண்டு எண்ணும் ஒரே இடத்தைத்தான் குறிக்கின்றன என்று பதிவிலேயே எழுதாவிட்டால், தேடுகிறவருக்குப் பாதி விவரம் கிடைக்காமலே போகும். அதனால்தான் மாறாத அடையாள எண்ணும், எந்தப் பதிப்பு வரிசையை வைத்து எண்ணினோம் என்ற விவரமும் கட்டாயம் வேண்டும்.

என்னைக் கேட்டால், பதிவில் உயிரான கட்டம் சான்றுக்கானது. பெரும்பாலான மரபணுக்களை யாரும் ஆய்வகத்தில் சோதித்ததில்லை. வேறொரு கிருமியில் தெரிந்த மரபணுவின் சாயல் இருக்கிறது என்று கணினி சொல்ல, அந்தப் பெயரையே வைத்துவிடுகிறோம். முதல் பெயர் தவறாக இருந்தால், அதைப் பார்த்து அடுத்தது, அதைப் பார்த்து இன்னொன்று என்று பிழை தளம் தளமாகப் பரவும். 'சோதனையில் கண்டது', 'ஒப்புமையால் ஊகித்தது' என்று பக்கத்திலேயே எழுதியிருந்தால் பிழையின் வேரைத் தேடிப் போய்ப் பிடுங்கலாம். 'வேலை தெரியாத புரதம்' என்று எழுதுவதிலும் குறைவில்லை; பொய்ப்பெயரைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

1998-ல் 3,924 மரபணுக்களில் சுமார் 40 சதவீதத்துக்குத்தான் வேலையைச் சொல்ல முடிந்தது. 2002-ல் அதே வரிசையை மறுபடி அலசியபோது 82 மரபணுக்கள் கூடுதலாகச் சேர்ந்தன. வேலை சொல்லக்கூடிய புரதங்கள் 52 சதவீதமாயின. பிறகு இந்தியாவில் சி.எஸ்.ஐ.ஆர். முன்னெடுத்த திறந்த மருந்து ஆய்வுத் திட்டத்தில், கல்லூரி மாணவர்கள் இணையம் வழியே சேர்ந்து, கட்டுரை கட்டுரையாகப் படித்து இந்தக் கிருமியின் மரபணுக்களுக்குக் குறிப்பு எழுதினார்கள்.