கற்கண்டுக்குள் ஏன் நூல்? படிகம் தொடங்கும் இடம்



கிள்ளான் லிட்டல் இந்தியாவில் பனங்கற்கண்டு வாங்கியிருப்பீர்கள். சில கட்டிகளை உடைத்தால் உள்ளே நூல் இருக்கும். தெலுக் பங்லிமா காராங்கில் என் மாணவி ஒருத்தி, "டீச்சர், இது அழுக்குச் சரக்கா?" என்று கேட்டாள். இல்லம்மா, அந்த நூலில்தான் கற்கண்டே பிறக்கிறது!

பதநீரைக் காய்ச்சிய பாகை, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றிப் பல வாரங்கள் அசைக்காமல் வைப்பார்கள். பாகு ஆற ஆற, நீர் தாங்கும் அளவைவிட அதிகச் சீனி அதில் இருக்கும். இதுவே மிகைப்பூரிதக் கரைசல்.

"அப்படின்னா ஆறியதும் எல்லா இடத்திலும் படிகம் வரணுமே?" இங்கேதான் பலர் தடுமாறுகிறோம். முதலில் சில மூலக்கூறுகள் ஒன்றுகூடித் திரள வேண்டும். புதிய மேற்பரப்பை உண்டாக்க ஆற்றல் செலவாகும். அதனால் மிகச் சிறிய திரள் மீண்டும் கரைந்துவிடும். ஒரு குறிப்பிட்ட அளவை எட்டிய திரளே வளரும். அதைக் கரு என்கிறோம்.

திரள் ஒரு பரப்பில் ஒட்டினால் அந்தச் செலவு குறையும். கீறலிலோ குழியிலோ பல பக்கமும் சுவர் கிடைப்பதால் இன்னும் குறையும். சில மூலக்கூறுகளே போதும். பருத்தி நூலின் சொரசொரப்பான இழைகள் செய்வது இதைத்தான். ஆய்வகத்தில் படிகம் வராதபோது குடுவையின் உட்சுவரைக் கண்ணாடிக் கோலால் உரசுவதும் இதற்காகவே.

படிகம் வளரவும் குறை உதவும். முற்றிலும் சமமான தளத்தில் புதிய அடுக்கைத் தொடங்குவது கடினம். அடுக்கு திருகிய இடத்திலோ, சுழல்படிக்கட்டுபோல விளிம்பு தீர்வதே இல்லை. மூலக்கூறுகள் அங்கே ஒட்டிக்கொண்டே போகும். 1949இல் பிரிட்டன் இயற்பியலாளர் சார்லஸ் ஃபிராங்க் இதை விளக்கினார்.

வகுப்பில் செய்து பாருங்கள். கெட்டியான சூடான சீனிப்பாகை ஆசிரியரே இரு குவளைகளில் சம அளவு ஊற்றட்டும். ஒன்றில் பருத்தி நூல், மற்றொன்றில் வழவழப்பான தங்கூசி நூல். மூடி, ஒரு வாரம் அசைக்காமல் வையுங்கள். பெரும்பாலும் பருத்தி நூலில்தான் முதலில் படிகம் தெரியும்.

மாணவர்களே, விடையில் "ஆறியதால் படிகம் உருவானது" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். ஆறியது ஏன் உருவானது என்பதைத்தான் சொல்கிறது. அந்த இடத்தில் ஏன் என்பதற்கு மேற்பரப்பையும் குறிப்பிட வேண்டும். இன்னொன்று: இங்கே 'குறைபாடு' என்றால் கெட்டது என்று பொருளல்ல, ஒழுங்கு மாறிய இடம், அவ்வளவுதான்.